அரிவாள், கொழு முதலிய வெட்டுக் கருவிகளுக்குப் பதமிடும் முறை

நெல் முற்றித் தலைசாய்ந்த வயலில் ஓர் அரிவாள் மழுங்கிப்போவது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அறுப்பாட்கள் பொழுதெல்லாம் வரப்பிலமர்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருப்பார்களாயின், கூலியும் காலமும் வீணாகும். மொண்ணை வாயால் தாள் இழுபட்டு, முற்றிய மணிகள் வயலிலேயே உதிரும். இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. அளவுக்கு மீறி வைரமேறிய கொடுவாள், கட்டையின் கணுவில் பட்டவுடன் முறிந்து, அதன் சில்லு வெட்டுகிறவரது கண்ணிலோ காலிலோ பாயக்கூடும். மழுங்குவதும் முறிவதும் எப்போதும் இரும்பின் குற்றமென்று எண்ணலாகாது. நல்ல எஃகும், கடைசிச் சில நிமிஷங்களில் உலையில் தவறாகக் கையாளப்பட்டால், இவ்விரு கதிகளில் ஒன்றை அடையும்.

திருவண்ணாமலை ஜில்லாவில் அறுவடை யந்திரங்கள் பரவிவிட்ட போதிலும், கரும்பு வெட்டுவதற்கும், தீவனம் அறுப்பதற்கும், வேலி கழிப்பதற்கும், யந்திரம் இறங்காத ஈரநிலத்தில் நெல்லறுப்பதற்கும் கைக்கருவிகளே இன்றும் வேண்டியிருக்கின்றன. கொல்லருக்கு அவர் தொழிலைக் கற்பிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கருவி செய்விக்கும் நிலச் சொந்தக்காரர் எதைக் கேட்டு வாங்கவேண்டும், வாங்கியதை எவ்வாறு சோதிக்கவேண்டும் என்பதை விளக்குவதே நோக்கம்.

இப்பக்கத்து எஃகின் பழமை

எஃகுத் தொழில் இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் காந்த இரும்புத் தாது கிடைக்கிறது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில், மண்குகையில் எஃகு உருக்கிய களத்தின் அடையாளங்களைச் சாரதா சீனிவாசன் கண்டு 1994ஆம் ஆண்டில் வெளியிட்டார். மெல்லிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையை மண்குகையில் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையிலிடுவது தென்னாட்டு வழக்கமாக இருந்தது. கட்டையும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பிற் கலந்து எஃகாயிற்று. நம் வேலியோரச் செடிகளே அத்தொழிலுக்கு உதவின.

மேனாட்டார் ‘ஊட்ஸ்’ என்று வழங்கிய இவ்வெஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். பிற்காலத்தில் மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, 1820ஆம் ஆண்டையொட்டி ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து இதனைப் பரிசோதித்தார். இவ்வெஃகைத் தம் வழக்கப்படி மிகுந்த சூட்டில் அடித்த ஐரோப்பியக் கொல்லர்களுக்கு அது பொடிந்துபோயிற்று. குறைந்த செஞ்சூட்டில் பொறுமையாக அடித்தவர்களுக்கே வசப்பட்டது. சூட்டின் அளவே எஃகின் உயிர் என்பதற்கு இதனினும் நல்ல சாட்சி வேண்டுவதில்லை.

பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பெரிய இரும்பாலை தொடங்கினார். 1853ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி, தென்னார்க்காட்டில் ஒன்றும் காவிரிக்கரையில் ஒன்றுமாக ஊதுலைகள் கட்டிற்று. அவை 1858ஆம் ஆண்டிலும், பரங்கிப்பேட்டை ஆலை 1866ஆம் ஆண்டிலும் நின்றுபோயின. அதன் பின் நம் கொல்லர்கள் வெளியிலிருந்து வரும் இரும்பையும் பழைய இரும்பையுமே நம்பலாயினர். ஆகையால், உலையில் விழும் இரும்பு இன்ன ஜாதி என்று அறிவதே இக்காலத்தில் முதல் வேலை.

எந்த இரும்பு பதம் ஏற்கும்?

இரும்பு கடினமாவதும் ஆகாததும் அதிலுள்ள கரிச்சத்தைப் பொறுத்தது. நூற்றுக்கு 0.25 பங்குக்குக் குறைவாகக் கரியுள்ள மெல்லெஃகை, அதாவது கட்டடக் கடைகளில் விற்கும் சாதாரணப் பட்டையையும் சட்டத்தையும், எத்தனை முறை தோய்த்தாலும் கூர் நிற்குமளவு கடினமாகாது. பாத்திரம் செய்யும் துருப்பிடிக்காத எஃகிலும் பெரும்பாலானது தோய்ச்சலுக்கு இணங்காது. லாரி, பஸ்களின் வில்பட்டையில் 0.5 முதல் 0.6 பங்கு வரை கரியும், அதனோடு மாங்கனீசு, சிலிக்கன், குரோமியம் என்பவற்றில் சிலவும் சேர்ந்திருக்கும். அரிவாள், கொடுவாள், களைக்கொத்து ஆகியவற்றுக்கு இதுவே எளிதிற் கிடைக்கும் தக்க எஃகு. தேய்ந்த அரத்தில் 1 பங்குக்கு மேலும் கரி இருப்பதால், சிறு கத்திக்கும் உளிக்கும் ஏற்றது.

இரும்பின் ஜாதியைச் சாணைச் சக்கரத்தில் அறியலாம். மெல்லெஃகின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடும். அவற்றில் கிளைப்பு மிகக் குறைவு. கரி மிகுந்த எஃகின் பொறிகளோ குட்டையாகவும், மத்தாப்புப் பூப்போல் பல கிளைகளாக வெடிப்பனவாகவும் இருக்கும். தெரிந்த அரம் ஒன்றையும் கட்டுக்கம்பி ஒன்றையும் முதலில் தேய்த்துப் பார்த்து, அவற்றோடு புதிய இரும்பை ஒப்பிடவேண்டும்.

நாகப்பூச்சுள்ள தகடு, குழாய், ஆணி முதலியவற்றை உலையிலிடலாகாது. அதிலிருந்து எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் காணும்.

உலையில் நடப்பது யாது?

எஃகு சுமார் 730 சென்டிகிரேடு டிகிரிக்கு மேல் சூடேறும்போது, அதன் உட்கட்டு மாறி, கரி முழுவதும் இரும்பிற் கரையத் தொடங்குகிறது. சர்க்கரை வெந்நீரிற் கரைவது போல. மெதுவாக ஆறவிட்டால் கரி மீண்டும் பிரிந்து நிற்கும், எஃகும் மென்மையாகும். திடீரெனக் குளிர்வித்தால் கரி பிரிய நேரமின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும். அச்சிக்கலே எஃகுக்கு வைரத்தைத் தருகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி மார்ட்டென்ஸ் என்பவர் பெயரால் இந்நிலையை ‘மார்ட்டென்சைட்’ என்பர். இது மிகக் கடினமானது; கண்ணாடி போல் எளிதில் உடைவதுமாகும்.

சூட்டை நிறத்தால் மதிப்பிடுவது கொல்லரின் பழக்கம். ஆனால் வெயிலில் செந்நிறம் மங்கித் தோன்றுமாதலால், அங்கே மதிப்பிடுகிறவர் அளவுக்கு மீறிச் சூடேற்றிவிடுவார். பதமிடும் உலை நிழலில் இருத்தல் அவசியம். நிறத்தோடு காந்தத்தையும் துணைக்கொள்வது நலம். பழைய ஒலிபெருக்கியிலுள்ள காந்தமொன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சிவந்த கத்தியை அதனருகே ஒரு கணம் காட்டவேண்டும். காந்தம் இழுக்கும் வரை சூடு போதாது. இழுக்காமற் போன பின், சாதாரணக் கரியெஃகுக்கு ஒரு சாயல் மட்டும் கூட்டினாற் போதும். அது சுமார் 780 முதல் 800 டிகிரி. வில்பட்டைக்கு இன்னும் சற்றுக் கூட்டி, 830 முதல் 870 டிகிரி வரை கொண்டுவரவேண்டும். கத்தியிலிருந்து வெண்பொறி பறக்குமாயின் எஃகு தீய்ந்துவிட்டது. தீய்ந்த பாகத்தை வெட்டி எறிவதைத் தவிர வேறு பரிகாரமில்லை.

சீமைக்கருவேல மரக்கரி இவ்வேலைக்கு உகந்தது. துருத்திக் காற்று கத்தியின்மேல் நேரே படாதபடி, மூக்குக்கும் கத்திக்கும் இடையே நல்ல கனத்துக்குக் கரி இருக்கவேண்டும். காற்று நேரே பட்டால் மேற்பரப்பிலுள்ள கரிச்சத்து எரிந்துபோய், கத்தியின் தோல் மென்மையாகிவிடும்.

அடித்து முடித்தவுடன் தோய்ப்பதும் தவறு. சம்மட்டி அடியால் உள்ளே ஏற்பட்ட இறுக்கம் தீரவேண்டும். பருத்த பரல்களும் நுண்மையாகவேண்டும். அதற்காக, கத்தியைக் காந்தம் விடும் சூடு வரை காய்ச்சி, அசைவற்ற காற்றில் கறுக்கும்படி ஆறவிட்டு, இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்யவேண்டும். தோய்ச்சலில் வளைவதும் விரிவதும் இதனால் பெரிதும் குறையும்.

தோய்ச்சல்

எல்லா எஃகையும் கல்தொட்டியின் குளிர்ந்த நீரிலேயே தோய்ப்பது பலவிடங்களில் வழக்கம். வில்பட்டைக்கு இது கேடு. கலப்பு உலோகங்கள் சேர்ந்த எஃகு, எண்ணெயின் மிதமான குளிர்ச்சியிலேயே முழுவைரமும் பெறும். நீரில் இட்டால் வெளிப்புறம் சுருங்கி உட்புறம் சுருங்காத நிலையில் ‘டிங்’கென்று ஓசை கேட்கும், அதுவே கத்தி விரிந்த ஓசை. சிலவேளை விரிசல் கண்ணுக்குத் தெரியாமலிருந்து, வயலில் வெளிப்படும்.

இந்த ஜில்லாவில் விளையும் நிலக்கடலையின் எண்ணெயே தோய்ச்சலுக்கு நன்கு உதவும். அதைக் கை பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 50 டிகிரிக்கு, வெதுவெதுப்பாக்கிக்கொள்ளவேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி ஓடுவதால் குளிர்ந்த எண்ணெயைவிட விரைவாகச் சூட்டை வாங்கும். 300 கிராம் எடையுள்ள அரிவாளொன்று 10 லிட்டர் எண்ணெயின் சூட்டைச் சுமார் 8 அல்லது 9 டிகிரி உயர்த்தும். ஆகையால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரிவாள் தோய்ப்பவர் இடையிடையே எண்ணெயை ஆறவிடவேண்டும். எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியில் நீர் தங்கியிருக்கலாகாது. அது ஆவியாகிக் கொதிக்கும் எண்ணெயை மேலே வீசும். தீப்பற்றினால் அணைக்க இரும்பு மூடியொன்று அருகில் இருக்கவேண்டும். நீரூற்றி அணைக்க முயலலாகாது. மோட்டார் வண்டியின் கழிவெண்ணெய்ப் புகை நச்சுள்ளதாதலால் அதை விலக்குக.

கத்தியை வாய்ப்புறம் கீழாக நேரே அமிழ்த்தி, மேலும் கீழுமாக மட்டும் அசைக்கவேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒருபுறம் முந்திக் குளிர்ந்து கத்தி கோணும்.

பதம் இறக்குதல்

மேற்கண்ட வேலையோடு நிறுத்திவிடுவதே பெரும்பான்மையான முறிவுக்குக் காரணம். தோய்ச்சலால் கத்தி கடினமாகிறது. பதம் இறக்கிய பின்னரே அது கருவியாகிறது. தோய்த்த கத்தியைத் தாமதமின்றி மிதமாகச் சூடேற்றி, சிக்கிய கரியில் சிறிது விடுபடச் செய்து, உடையுங் குணத்தைப் போக்குவதே பதம் இறக்குதல். அதற்குச் சில நிமிஷங்களே வேண்டும். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுவே.

தோய்த்த கத்தியின் கறுப்பை மணற்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குக. கனத்த இரும்புத் தகட்டின்மேல் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, கீழே தீயிட்டு, கத்தியை முதுகுப்புறம் கீழாக மணலில் பதித்து வைக்கவேண்டும். சூடேற ஏற, பளபளப்பின்மேல் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். சாதாரணக் கரியெஃகுக்கு அவை பின்வருமாறு:

இள வைக்கோல் நிறம், 220 முதல் 230 டிகிரி: சவரக்கத்தி, கடைசல் உளி.
முற்றிய வைக்கோல் நிறம், 240 டிகிரி: தகடு வெட்டும் கத்தி.
பழுப்பு, 255 முதல் 260 டிகிரி: தச்சுளி, கருக்கரிவாள்.
ஊதா கலந்த பழுப்பு, 265 முதல் 270 டிகிரி: கரும்புக் கத்தி, களைக்கொத்து.
ஊதா, 280 டிகிரி: கோடாலி, கொடுவாள், இரும்பு வெட்டும் உளி.
கருநீலம், 295 முதல் 300 டிகிரி: கடப்பாறை நுனி, வில்.

வேண்டிய நிறம் வாயில் வந்தவுடன் கத்தியை எடுத்து எண்ணெயிலிட்டு நிறுத்துக. சிலிக்கனும் குரோமியமும் உள்ள வில்பட்டை எளிதில் இளகாதாகையால், அதற்கு மேற்கண்டதைவிட ஒரு நிறம் தாழ்த்தி இறக்கலாம்; வில்பட்டைக் கொடுவாளுக்குக் கருநீலம் பொருந்தும்.

கடப்பாறை, கொழு, உளி போன்றவற்றுக்கு நுனியில் மட்டும் வைரம் போதும். கரியெஃகாலான நுனியை நான்கு விரற்கடை நீளம் காய்ச்சி, அதில் இரண்டு விரற்கடையை மட்டும் நீரில் தோய்த்து எடுத்து, விரைவாகத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், பின்புறம் தங்கிய சூடு நுனியை நோக்கி நகர, நிறங்களும் வரிசையாக ஓடிவரும். விரும்பிய நிறம் நுனியை அடைந்ததும் முழுவதையும் நீரிலிடவேண்டும். வில்பட்டையில் செய்த கொழுவுக்கு நீருக்குப் பதில் எண்ணெயே கொள்க.

ஆலைக் கத்திகளைப் பற்றிய எச்சரிக்கை

இரும்பையே வெட்டும் ஆலைக் கத்திகளும் யந்திர ரம்பங்களும் வேறு ஜாதி. அமெரிக்காவில் பெத்லகேம் எஃகாலையில் டெய்லர், ஒயிட் என்னும் இருவர் 1898 முதல் செய்த சோதனைகளால், வெட்டும் வேகத்தில் நுனி மங்கலாகச் சிவந்தபோதும் கூர் இழக்காத எஃகு கிடைத்தது. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் பொருட்காட்சியில் அதை வேலைசெய்து காட்டினர். இதன்வழி வந்த ‘ஹைஸ்பீடு’ எஃகின் பழைய வகையொன்றில் 18 பங்கு டங்ஸ்டன், 4 பங்கு குரோமியம், 1 பங்கு வனேடியம் உண்டு. இதனைச் சுமார் 1,260 டிகிரிக்கு மேல் காய்ச்சித் தோய்த்து, 560 டிகிரியளவில் இரண்டு மூன்று முறை பதம் இறக்குவர். கிராமத்து உலையில் அச்சூட்டை அளவறிந்து தருதல் இயலாது. கழித்துப்போட்ட ரம்பத் தகட்டை வாங்கிவந்து உலையில் அடித்துக் கத்தி செய்வோர், உள்ள பதத்தையும் இழந்து புதியதையும் பெறார். அத்தகட்டை உலையில் காட்டாமல், சாணையில் தேய்த்தே கத்தியாக்கிக்கொள்வது உத்தமம்.

அறுவடை யந்திரத்தின் வெட்டுத்தகடுகளும், தீவனம் நறுக்கும் யந்திரக் கத்திகளும் ஆலையிலேயே பதமிடப்பட்டு வருவன. உடைந்த வெட்டுத்தகட்டைக் கொல்லரிடம் தட்டிச் சேர்க்காமல், கடாவியைக் கழற்றிப் புதுத்தகடு பொருத்தவேண்டும். தீவனக் கத்தியைச் சரிவுள்ள புறத்தில் மட்டுமே சாணை பிடிக்கவேண்டும். எந்தக் கத்தியானாலும் சாதாரண எஃகின் வாயில் சாணை பிடிக்கையில் நீலம் ஏறினால், அவ்விடத்தில் சூடு 300 டிகிரியை எட்டிப் பதம் கெட்டது என்று கொள்க. அடிக்கடி நீரில் நனைத்து, லேசாக அழுத்தித் தீட்டுவதே வழி.

சோதனை

கருவியைப் பெறும்போது பின்வரும் சோதனைகளைச் செய்க.

1. தோய்த்தவுடன், பதம் இறக்குமுன், புதிய அரத்தை வாயில் வைத்துத் தள்ளினால் அது பிடிக்காமல் வழுக்கவேண்டும். பிடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. அல்லது தோல் மட்டும் மென்மையாயிருக்கலாம். சற்றுத் தேய்த்து மீண்டும் பார்க்கவும்.
2. பதம் இறக்கிய பின் அரம் சிறிதே கடிக்கவேண்டும்.
3. முடிந்த கத்தியால் உலர்ந்த கருவேலங் கட்டையில் பத்து வெட்டு வெட்டி வாயைக் கூர்ந்து பார்க்கவும். வாய் சில்லாக உதிர்ந்திருந்தால் இன்னும் ஒரு நிறம் பதம் இறக்கவேண்டும். மடிந்திருந்தால் பதம் மிகுதியாக இறங்கிவிட்டது, மறுபடி தோய்க்கவேண்டும்.
4. ஒரே பட்டையில் வெட்டிய சிறு துண்டைத் தோய்த்து, துணியால் சுற்றி இடுக்கியில் வைத்து உடைத்துப் பார்க்கவும். முறிவு சாம்பல் நிறமாய்ப் பட்டுப்போல் நுண்மையாயிருந்தால் சூடு சரி. சர்க்கரைப் பரல்போல் மினுமினுத்தால் சூடு மிகுந்துவிட்டது.

நிலச் சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

முன்னாளில் கொல்லருக்குக் களத்து மேட்டில் நெல்லாக ஒரு பங்கு அளப்பது வழக்கம். ஆண்டு முழுவதும் கருவிகளைச் செப்பமாக வைப்பது அவர் பொறுப்பாயிருந்தது. கருவி கெட்டால் திருத்த அவரும் அருகிலிருந்தார். இப்போது கருவிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அப்போதே வேண்டுமென்று நின்றுகொண்டே வாங்குகிறோம். அவ்வவசரத்தில் கொல்லர் விடக்கூடியது பதம் இறக்கும் வேலையே. அது இல்லாதது கடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் பதம் இறக்குவதற்குத் தனியே கூலி தருவதும், அதற்குரிய நேரம் விடுவதும் நமக்கே இலாபம்.

தனித்தனியே ஓர் அரிவாள் எடுத்துச் செல்வதைவிட, ஊரார் சிலர் சேர்ந்து ஒரே வில்பட்டையில் இருபது முப்பது கருவிகளை ஒருமிக்கச் செய்வித்தல் நலம். அப்போது ஒரு துண்டைச் சோதித்துச் சூட்டையும் நிறத்தையும் நிச்சயித்துக்கொண்டால், மற்றவை அனைத்தும் ஒரே தரமாக அமையும்; எண்ணெய்ச் செலவும் பங்காகும். எஞ்சிய பட்டையில் அதன் விவரத்தைச் சுண்ணாம்பால் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும். ஆயுத பூஜைக்காகக் கருவிகளையெல்லாம் வெளியே எடுத்துத் துடைக்கும் காலமே, விரிசலும் மழுக்கமும் பார்த்து ஒதுக்குவதற்கு ஏற்றது. அதன் பின் சம்பா அறுவடைக்குப் போதிய அவகாசம் இருக்கும். கிராம அதிகாரிகள் இவ்வாறு ஊரார் ஒன்றுகூடுவதற்கு நாள் குறித்து உதவுவார்களாயின், அவ்வூரில் உலை அணையாமலிருப்பதற்கும் அது துணையாகும்.

சுருக்கம்

பொறி பார்த்து எஃகைத் தெரிந்தெடுக்க. நிழலில் காய்ச்சி, காந்தம் விட்ட பின் தோய்க்க. வில்பட்டையை நீரில் இடாது வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்க. தோய்த்ததைத் தேய்த்து, நிறம் பார்த்துப் பதம் இறக்குக. பதம் இறக்காத கத்தியை எவர் கையிலும் கொடுக்காதிருக்க. சாணையில் நீலம் ஏறவிடாதிருக்க. இவற்றுள் எதற்கும் பெரிய செலவில்லை. வேண்டுவது ஒரு துண்டுக் காந்தமும், ஒரு பாத்திரம் எண்ணெயும், சிறிது பொறுமையுமே.